சிறு டீசல் எஞ்சினின் எரிப்பு சிமுலேஷனைச் சோதனை அளவோடு பொருத்துவது எப்படி? முதன்முறை செய்பவருக்கு ஒரு வழிகாட்டி

முதுநிலை ஆய்வுக்காக ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றின் எரிப்பைக் கணினியில் ஓட்டிப் பார்க்கத் தொடங்கிய எனக்கு, ஆய்வகத்தில் அளந்த அழுத்தக் கோட்டின் மேல் திரையில் வந்த கோடு வந்து உட்கார ஏழு மாதங்கள் ஆயின. அவற்றில் ஐந்து மாதங்கள் வீண். தீப்பற்றும் தாமதம் (எரிபொருள் பாய்வதற்கும் தீப்பற்றுவதற்கும் இடைப்பட்ட நேரம்) பொருந்தாதபோது வேதிவினை மாறிலியைத் திருகினேன். உச்ச அழுத்தம் பொருந்தாதபோது தெளிப்பு மாறிலியைத் திருகினேன். ஒன்று சரியானால் மற்றொன்று கெட்டது. கடைசியில் பார்த்தால், கிராங்க் கோணத்தை அளக்கும் என்கோடரே ஒன்றேகால் டிகிரி தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. இல்லாத பிழையைச் சிமுலேஷனில் தேடிக்கொண்டு, இருந்த பிழையை அளவீட்டில் விட்டுவைத்திருந்தேன்.

நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக, நம் நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் நிற்கும் கிர்லோஸ்கர் டி.வி.1 எஞ்சினை வைத்துக்கொள்கிறேன்: சிலிண்டர் விட்டம் 87.5 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ., கனெக்டிங் ராடு 234 மி.மீ., கொள்ளளவு 661 க.செ.மீ., அமுக்க விகிதம் 17.5, நிமிடத்துக்கு 1500 சுற்றில் 5.2 கிலோவாட். இந்த வேகத்தில் ஒரு மில்லி வினாடி என்பது 9 டிகிரி கிராங்க் கோணம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அடிக்கடி வரும்.

1. கணினியைத் தொடுவதற்கு முன் சேர்க்க வேண்டிய ஆவணங்கள்

கீழ்க்கண்டவை கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். ஒவ்வொன்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளியவன் நான்.

பிஸ்டன் தலையின் குழிவு வரைபடம் முதலாவது. தயாரிப்பாளரிடமிருந்து கிடைக்காவிட்டால், பழைய பிஸ்டன் ஒன்றை வாங்கி அளந்துகொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு, தவறான குழிவோடு ஓட்டும் இரண்டு வாரக் கணினி மின்கட்டணத்தைவிடக் குறைவுதான். அடுத்தது வால்வு நேரங்கள். இந்த எஞ்சினில் உள்வால்வு, பிஸ்டன் கீழ்முனையைத் தாண்டி 35.5 டிகிரியில் மூடுகிறது. இன்ஜெக்டர் நாசிலில் எத்தனை துளை, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ., எந்தச் சாய்வில், ஊசி எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பவை மூன்றாவது. அழுத்த சென்சாரின் அளவுத்திருத்தச் சான்றிதழ் நான்காவது; அதில் உள்ள தேதியையும் பாருங்கள். ஐந்தாவது, நீங்கள் உண்மையில் ஊற்றிய டீசலின் பரிசோதனை அறிக்கை: அடர்த்தி, பாகுநிலை, சீட்டேன் எண், வெப்ப மதிப்பு. அங்கீகாரம் பெற்ற தனியார் பரிசோதனைக் கூடங்கள் கட்டணத்துக்கு இதைச் செய்து தருகின்றன. அறிக்கை வர ஒன்றிரண்டு வாரங்கள் ஆகலாம் என்பதால், இதை முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

சோதனை நாளில் அறையின் வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றோட்ட அளவு ஆகியவற்றைக் கையால் எழுதிவைத்த குறிப்பேடு இவை எல்லாவற்றையும்விட முக்கியம். மென்பொருள் பதிவு செய்யும் கோப்பில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை.

2. மென்பொருள், கணினி, செலவு

கன்வெர்ஜ், ஏ.வி.எல். ஃபயர், ஆன்சிஸ் ஃபோர்ட்டே ஆகியவை உரிமக் கட்டணம் உள்ளவை. கல்வி நிறுவனங்களுக்குத் தனி ஏற்பாடு உண்டா என்று உங்கள் துறை வழியாகக் கேளுங்கள். ஓப்பன்ஃபோம் இலவசம். கட்டணம் இல்லாததற்கு ஈடாக அது உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளும். மெஷ், அதாவது சிலிண்டரின் உள்ளிடத்தைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலை, பிஸ்டனோடு நகரும்படி அமைத்து முடிக்கவே எனக்கு ஆறு வாரங்கள் ஆயின. எந்த மென்பொருளை எடுத்தாலும் இக்கட்டுரையின் படிகள் மாறா.

முழு சிலிண்டரையும் ஓட்டத் தேவையில்லை. நாசிலில் மூன்று துளைகள் சம இடைவெளியில் இருந்தால், 120 டிகிரி துண்டு ஒன்றை மட்டும் எடுத்து, உள்வால்வு மூடும் கணத்திலிருந்து வெளிவால்வு திறக்கும் கணம் வரை ஓட்டினால் போதும். அப்படிப்பட்ட துண்டு ஒன்று, விரிவான வேதிவினையோடு, என் 16 கோர் கணினியில் ஏறத்தாழ ஒரு நாள் எடுத்தது. நாற்பது ஓட்டங்களுக்கு நாற்பது நாட்கள், அதாவது 15,360 கோர் மணி நேரம். கணினி 300 வாட் இழுக்கிறது என்று கொண்டால் 288 யூனிட் மின்சாரம். மேகக் கணினியை மணிக் கட்டணத்தில் வாடகைக்கு எடுப்பவர்கள் இந்தக் கோர் மணிக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். நிறுவனம் சார்ந்த ஆய்வாளர் என்றால், தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தின் கணினிகளில் நேரம் கேட்டுப் பார்க்கலாம், திருச்சி என்.ஐ.டி.யில் 2022 முதல் இயங்கும் ஒன்றுக்குப் ‘பரம் பொருள்’ என்று பெயர். பெயருக்கேற்பத் தவம் கிடந்துதான் வரிசையில் இடம் பெற வேண்டும் என்று என் நண்பர்கள் சொல்வார்கள்.

மெஷ் அளவை ட்யூனிங்குக்கு (மாறிலிகளைத் திருகிப் பொருத்துவதற்கு) முன்பே முடிவு செய்துவிடுங்கள். 1 மி.மீ., 0.7 மி.மீ., 0.5 மி.மீ. என மூன்று அளவுகளில் ஓட்டி, முடிவு எங்கே நிலைக்கிறது என்று பார்க்க வேண்டும். செல்லின் பக்கத்தைப் பாதியாக்கினால் செல்கள் எட்டு மடங்காகின்றன, நேரப் படியும் பாதியாகிறது. ஆக, வேலை பதினாறு மடங்கு. தெளிப்பு மாறிலிகள் செல் அளவைச் சார்ந்தவை என்பதால், ட்யூனிங் முடிந்த பிறகு மெஷ்ஷை மாற்றினால் பழைய மாறிலிகள் செல்லாதவையாகிவிடும்.

3. அளந்த அழுத்தக் கோட்டைச் சந்தேகியுங்கள்

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் படியும் இதுதான்.

முதல் சந்தேகம், பிஸ்டன் மேலே சென்று திரும்பும் இடமான டி.டி.சி. எங்கே என்பது. அதில் ஒரு டிகிரி தவறினால், கணக்கிடும் சராசரிப் பயன் அழுத்தத்தில் (எஞ்சின் செய்யும் வேலையின் அளவுகோல்) பத்து சதவீதம் வரை பிழை வரலாம். எரிபொருள் இல்லாமல் எஞ்சின் சுழலும்போது, வெப்ப இழப்பாலும் கசிவாலும், அழுத்தத்தின் உச்சம் டி.டி.சி.க்குச் சற்று முன்பாகவே வந்துவிடும். சிறு டீசல் எஞ்சினில் இந்த இடைவெளி அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை இருக்கும். உங்கள் தரவில் உச்சம் சரியாகப் பூஜ்யத்திலோ அதற்குப் பின்னாலோ விழுந்தால், என்கோடர் தள்ளியிருக்கிறது என்று பொருள். வேறு விளக்கம் தேட வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கல்லூரி ஆய்வகங்களில் உள்ள எடி கரண்ட் டைனமோமீட்டர் சுமையை ஏற்குமே தவிர, எஞ்சினைச் சுழற்றாது. அதனால் எரிபொருளற்ற தரவு கிடைக்காது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் 1500 சுற்றில் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது பதிவைத் தொடங்கிவிட்டு, பம்பின் ரேக்கை இழுத்து எரிபொருளை நிறுத்துங்கள். நின்ற பின் வரும் முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் வேகம் அதிகம் குறைந்திருக்காது; உங்களுக்கு வேண்டிய கோடு அதுவே.

இரண்டாவது சந்தேகம், அழுத்தத்தின் அடிமட்டம். சிலிண்டரில் பொருத்திய பீசோ சென்சார் அழுத்த மாற்றத்தைக் காட்டுமே தவிர, முழு அழுத்தத்தைக் காட்டாது. உள்ளிழுப்பின் முடிவில், பிஸ்டன் கீழ்முனையில் இருக்கும் கணத்தில், உள்குழாய் அழுத்தத்தோடு அதைச் சமப்படுத்த வேண்டும். சரியாகச் செய்தீர்களா என்று அறிய, அழுத்தத்தையும் கனஅளவையும் மடக்கை அளவில் வரையுங்கள். அமுக்கப் பகுதி நேர்கோடாக வர வேண்டும். அதன் சரிவு 1.32 முதல் 1.37 வரை இருக்க வேண்டும். கீழ்ப்பகுதி வளைந்தால் அடிமட்டம் தவறு. மேல்முனையில் ஏறும் கோடும் இறங்கும் கோடும் குறுக்கே வெட்டிக்கொண்டால் டி.டி.சி. தவறு.

மூன்றாவது, குறைந்தது நூறு சுற்றுகளின் சராசரியை எடுங்கள். அழகாக இருக்கிறது என்று ஒரே ஒரு சுற்றைத் தேர்ந்தெடுத்து அதற்குச் சிமுலேஷனைப் பொருத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

4. அமுக்கக் கோட்டை முதலில் பொருத்துங்கள்

எரிப்பை இன்னும் தொடாதீர்கள். எரிபொருள் இல்லாமல் சிமுலேஷனை ஓட்டி, ஏறும் கோடு அளந்த கோட்டோடு ஒன்றும்வரை இங்கேயே நில்லுங்கள். இந்த எஞ்சினில் உச்சம் 40 பார் அருகே வர வேண்டும்.

முதலில் அமுக்க விகிதம். பெயர்ப்பலகையில் 17.5 என்று இருக்கும். அதன்படி டி.டி.சி.யில் எஞ்சும் இடம் 40.1 க.செ.மீ. ஆனால் ஹெட் கேஸ்கெட் 0.2 மி.மீ. மட்டும் கூடுதலாகத் தடித்திருந்தால், எஞ்சும் இடம் 1.2 க.செ.மீ. பெருகி, விகிதம் 17 ஆகிவிடும்; உச்ச அழுத்தத்தில் ஒன்றரை பார் குறையும். ஆகவே அளந்துவிடுங்கள். பிஸ்டனை டி.டி.சி.யில் நிறுத்தி, இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ப்யூரட்டிலிருந்து கெட்டியான எஞ்சின் ஆயிலைச் சொட்டவிடுங்கள். உள்ளே காற்றுக் குமிழி தங்கினால் அளவு குறைத்துக் காட்டும். ரிங்குகள் வழியே ஆயில் கசிந்தால் கூட்டிக் காட்டும். மூன்று முறை அளந்து, மூன்றும் அரை க.செ.மீ.க்குள் வந்தால்தான் நம்புங்கள். எனக்கு முதல் முறை 37, இரண்டாம் முறை 41; நான்காம், ஐந்தாம், ஆறாம் முறைகளில்தான் எண் நிலைத்தது.

மெஷ்ஷில் வால்வு பள்ளங்களும், பிஸ்டன் விளிம்புக்கும் லைனருக்கும் இடையிலான மெல்லிய சந்தும் பெரும்பாலும் இருப்பதில்லை. விடுபட்ட அந்த இடத்தை ஈடுகட்ட, பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைப்பட்ட உயரத்தைக் கூட்டுவது சுலபமான குறுக்குவழி. செய்யாதீர்கள். அந்த உயரம் மாறினால், பிஸ்டன் நெருங்கும்போது காற்று குழிவுக்குள் பிதுங்கிப் பாயும் வேகமே மாறிவிடும். அந்த மெல்லிய சந்தினை மெஷ்ஷில் சேர்த்து, ஈட்டை அங்கே கொடுப்பதே முறை.

அடுத்தது, உள்வால்வு மூடும் கணத்தில் உள்ளே அடைபட்ட காற்றின் வெப்பநிலை. இதைப் பலர் அறை வெப்பநிலை என்றே போட்டுவிடுகிறார்கள். சூடான சுவரும் முந்தைய சுற்றின் எச்ச வாயுவும் சேர்ந்து அதை உயர்த்திவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இதை ஊகிக்கத் தேவையில்லை. அந்தக் கணத்தில் கனஅளவு ஏறத்தாழ 655 க.செ.மீ.; அழுத்தம் 1 பார் என்றும், காற்றோட்ட அளவீட்டின்படி எச்ச வாயுவோடு சேர்த்து உள்ளிருக்கும் நிறை 0.68 கிராம் என்றும் கொண்டால், வாயு விதிப்படி வெப்பநிலை 335 கெல்வின். அழுத்தம், நிறை, வெப்பநிலை மூன்றையும் தனித்தனியே உங்கள் விருப்பத்துக்கு வைக்க முடியாது. இரண்டைச் சொன்னால் மூன்றாவது தானே வந்துவிடும். இங்கே 10 கெல்வின் பிசகினால், அமுக்கத்தின் முடிவில் அது 25 கெல்வினாகப் பெருகி, தீப்பற்றும் தாமதத்தை நகர்த்திவிடும்.

சுவர் வெப்பநிலைகளை, பிஸ்டன் தலைக்கு 500 கெல்வினுக்குச் சற்று மேலும், லைனருக்கு 400 கெல்வினுக்குச் சற்று மேலும் வைத்துத் தொடங்கலாம்.

5. இன்ஜெக்ஷன் தொடங்கும் கோணம்

எஞ்சினின் கையேட்டில் டி.டி.சி.க்கு முன் 23 டிகிரி என்று இருக்கும். இது பம்பில் எரிபொருள் அடைபடும் நிலையான நேரம். நாசில் ஊசி திறக்கும் நேரம் அன்று. பம்பில் எழுந்த அழுத்த அலை குழாய் வழியே இன்ஜெக்டரை அடைய வேண்டும். டீசலில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,400 மீட்டர் அளவில் இருக்கும். குழாய் 600 மி.மீ. நீளம் என்றால் 0.43 மில்லி வினாடி, அதாவது ஏறத்தாழ 3.9 டிகிரி அதிலேயே போய்விடுகிறது. ஊசி திறக்கும் அழுத்தம்வரை உயரும் நேரம் இதற்கு மேல். ஆகவே 23 என்று உள்ளீடு செய்துவிட்டு, எரிப்பு சீக்கிரம் தொடங்குகிறதே என்று வேதிவினையைக் குறை சொல்வதில் பொருள் இல்லை. இன்ஜெக்டர் அருகே குழாய் அழுத்த சென்சார் இருந்தால், ஊசி திறக்கும்போது அதில் ஒரு சிறு தாழ்வு தெரியும். அந்தக் கோணத்தை எடுங்கள்.

எரிபொருள் அளவு: முழுச் சுமையில் கிலோவாட் மணிக்கு 250 கிராம் செலவானால், ஒரு எரிப்புச் சுழற்சிக்கு (கிராங்க் இருமுறை சுழலும் காலம்) 29 மில்லி கிராம். மூன்றில் ஒரு பங்குத் துண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எரிபொருளே கொடுக்க வேண்டும். சிரிக்காதீர்கள், முழு அளவையும் துண்டுக்குக் கொடுத்து, புகை மண்டுகிறதே என்று ஒரு வாரம் யோசித்தவர் எங்கள் ஆய்வகத்திலேயே இருந்தார்.

வேகத்தையும் சரிபார்க்கலாம். 0.3 மி.மீ. விட்டமுள்ள மூன்று துளைகள் வழியே 29 மில்லி கிராம், 11 டிகிரிக்குள் வெளியேறினால், சராசரி வேகம் வினாடிக்கு 135 மீட்டர். துளைக்கு இருபுறமும் 150 பார் அழுத்த வேறுபாடும், 0.7 வெளியேற்றக் குணகமும் வைத்தால் இதே எண் கிடைக்கிறது. உங்கள் கணக்கில் இவ்விரு வழிகளும் ஒத்துவராவிட்டால், இன்ஜெக்ஷன் நீடிக்கும் நேரத்தைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள்.

6. தெளிப்பு

தெளிப்பு உடைவதற்குப் பெரும்பாலும் கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ், ரேலீ-டெய்லர் இணைந்த மாதிரியையே பயன்படுத்துகிறார்கள். அதில் நீங்கள் தொட வேண்டியது பி1 என்ற ஒரே மாறிலி. அதைக் கூட்டினால் துளிகள் மெதுவாக உடையும், திரவம் தொலைவு செல்லும், ஆவியாவது தாமதமாகும். ஓப்பன்ஃபோமில் அதன் வழக்கமான மதிப்பு 40. 10 முதல் 60 வரை ஐந்து மதிப்புகளில் ஓட்டிப் பாருங்கள். அதற்கு வெளியே போக வேண்டிய நிலை வந்தால், ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

உங்கள் அமைப்பு அடிப்படையில் சரியா என்று பார்க்க, எரிப்பு ஆய்வகங்களின் கூட்டமைப்பான எஞ்சின் கம்பஷன் நெட்வொர்க் வெளியிட்டுள்ள ‘ஸ்ப்ரே ஏ’ என்ற மாதிரித் தெளிப்பின் தரவை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது 0.09 மி.மீ. துளை, 1500 பார் அழுத்தம் கொண்டது. 200 பாரில் ஊசி திறக்கும் நம் நாசிலுக்கு அங்கே கிடைத்த மாறிலி அப்படியே பொருந்தாது. நம் எஞ்சினில் பெரிய துளிகள் குழிவின் சுவரில் மோதிப் படலமாக ஒட்டும்; ஆகவே சுவர்ப் படல மாதிரியை அணைத்து வைக்காதீர்கள்.

7. தீப்பற்றும் தாமதம்

டீசலுக்குப் பதிலாக வேதிவினையில் நார்மல் ஹெப்டேனை வைப்பது வழக்கம். 29 சேர்மங்கள், 52 வினைகள் கொண்ட சுருக்கப்பட்ட பொறிமுறை (வினைகளின் தொகுப்பு) சிறு கணினிக்கும் தாங்கும். இதில் சிக்கிக்கொள்ளும் கண்ணிகள் இரண்டு உண்டு. திரவமாக ஹெப்டேனின் அடர்த்தி டீசலைவிட மிகக் குறைவு. ஆகவே தெளிப்புக்கு டீசலின் திரவப் பண்புகளையும், ஆவியான பின் ஹெப்டேனின் வேதிவினையையும் பயன்படுத்துங்கள். இரண்டாவது, ஹெப்டேனின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 44.6 மெகாஜூல், டீசலுக்கு 43க்குச் சற்றுக் கீழ். நிறையைச் சமமாக வைத்தால் நான்கு சதவீத ஆற்றல் இலவசமாக வந்துவிடும். நிறையைக் குறைத்து ஆற்றலைச் சமமாக்குங்கள். பயோடீசல் கலவையை ஆராய்பவர்களுக்கு ஹெப்டேன் மட்டும் போதாது. மெத்தில் டெக்கனோயேட் போன்ற எஸ்டரும் உள்ள பொறிமுறை வேண்டும்.

பொறிமுறையை எஞ்சினில் போடும் முன், கான்டெரா என்ற இலவச வேதிவினை மென்பொருளில் தனியே ஓட்டி, 1993இல் ஜெர்மனியின் ஆகென் ஆய்வாளர்கள் அதிர்ச்சிக் குழாயில் (அதிர்ச்சி அலையால் வாயுவை நொடியில் சூடாக்கும் கருவி) அளந்த ஹெப்டேன் தாமதங்களோடு ஒப்பிடுங்கள். அரை நாள் வேலை. அங்கே பொருந்தி, எஞ்சினில் பொருந்தாவிட்டால் குற்றம் வேதிவினையுடையது அன்று. வெப்பநிலை, இன்ஜெக்ஷன் கோணம், பி1 என்ற வரிசையில் திரும்பிப் பாருங்கள். வினை வேக மாறிலிகளைத் திருத்துவது கடைசி வழி. என்னைக் கேட்டால், அது வழியே அன்று.

தீப்பற்றியது என்பதற்கு இரு பக்கமும் ஒரே வரையறை வேண்டும். ஆவியாதலால் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய வெப்ப வெளியீட்டுக் கோடு மீண்டும் பூஜ்யத்தைத் தொடும் இடம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இராது.

8. வெப்ப வெளியீடு

மென்பொருள் தரும் வேதி வெப்ப வெளியீட்டை, அழுத்தத்திலிருந்து கணக்கிட்ட சோதனைக் கோட்டோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. முன்னதில் சுவருக்குப் போன வெப்பமும் அடங்கியிருக்கும். சிமுலேஷனின் அழுத்தத்தையும் அதே நிரலில், அதே தன்வெப்ப விகிதத்தோடு (காமா) கொடுத்துக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

முழுச் சுமையில் மட்டும் பொருத்திவிட்டு, பாதிச் சுமையையும் கால் சுமையையும் எந்த மாறிலியையும் தொடாமல் ஓட்டுங்கள். எரிபொருள் அளவும் தொடக்க நிலையும் மட்டுமே மாறலாம். அங்கும் உச்ச அழுத்தம் ஐந்து சதவீதத்துக்குள்ளும், அதன் இடம் ஒரு டிகிரிக்குள்ளும் வந்தால் ட்யூனிங் முடிந்தது என்று நான் கொள்கிறேன். ஒவ்வொரு சுமைக்கும் ஒவ்வொரு பி1 வைத்தால், உங்களிடம் இருப்பது வளைகோடு பொருத்தும் கருவியே. அதை வைத்து நாளை புதிய குழிவு வடிவம் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

9. நைட்ரஜன் ஆக்சைடும் புகையும்

அழுத்தம் பொருந்தும் முன் இவற்றைப் பார்ப்பதே வீண். அதிக வெப்பத்தில் காற்றின் நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்வதைக் கணக்கிடும் செல்டோவிச் வினைகள் நைட்ரிக் ஆக்சைடைத் தரும். நிறை அளவாகச் சொல்லும்போது நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு இணையாக 1.53 ஆல் பெருக்குவது மரபு. பகுப்பாய்வுக் கருவி ஈரம் நீக்கிய வாயுவை அளந்திருந்தால், சிமுலேஷன் எண்ணையும் ஈரம் நீக்கிக் கணக்கிடுங்கள். புகையைப் பொறுத்தவரை, சுமை மாறும்போது ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கைத் தவிர வேறெதையும் உரிமை கொண்டாடாதீர்கள்.

10. கால அளவும் ஓட்டப் பதிவேடும்

ஆவணங்களுக்கு மூன்று வாரம், அளவீட்டுச் சோதனைக்கு இரண்டு வாரம், மெஷ்ஷுக்கும் அமுக்கக் கோட்டுக்கும் மூன்று வாரம், இன்ஜெக்ஷனுக்கும் தெளிப்புக்கும் நான்கு வாரம், மீதிக்கு நான்கு வாரம் என வைத்துக்கொண்டால் நான்கு மாதத்தில் முடிக்கலாம். ஆய்வகத்தில் எஞ்சின் கிடைக்கும் நாட்கள் உங்கள் கையில் இல்லாததால், எரிபொருளற்ற பதிவை முதல் சோதனை நாளிலேயே எடுத்துவிடுங்கள். அதற்காக மட்டும் மறுபடி அனுமதி வாங்க நான் ஒரு மாதம் காத்திருந்தேன்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்து, எந்த ஒன்றை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று நான்கு பத்திகளில் எழுதுங்கள். எதிர்பார்ப்பை ஓட்டுவதற்கு முன்பே எழுத வேண்டும். எனது பதிவேட்டில் 63ஆம் எண்ணுக்கு எதிரே, ‘என்கோடர் திருத்தம், 1.25 டிகிரி, மற்றவை அனைத்தும் மூல மதிப்புக்கு’ என்று இருக்கிறது. அதற்கு முந்தைய அறுபத்திரண்டு வரிகளையும் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்.